துண்டுச் சீட்டும் கையடக்கக் கருவியும்



பினாங்குக்குப் போனால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை மிதிக்காமல் நாம் திரும்புவதில்லை. முன்னாளில் பிட் ஸ்திரீட் என்றார்களே, அதுதான். 1801இல் தோன்றிய பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு நாசி கண்டார் சாப்பிட உட்காருவோம். காவுதடியில் சோற்றையும் குழம்பையும் சுமந்து தமிழ் முஸ்லிம்கள் விற்ற உணவு அது. அந்தச் சோற்றுக்குச் சீட்டே கிடையாது. தட்டைப் பார்த்து விலை சொல்வார்கள். அந்தக் கண்ணளவு தனி வித்தை!

தண்ணீர் விஷயம் வேறு. பையன் வந்து துண்டுத் தாளில் எழுதுவான். இப்போது நாட்டின் பல மாமாக் கடைகளில் தாளுக்குப் பதில் கையடக்கக் கருவி வந்திருக்கிறது. மேசை எண்ணையும் பண்டத்தின் பெயரையும் தொட்டால், செய்தி கம்பியில்லாமல் போய், தண்ணீர் கலக்கும் இடத்தில் சீட்டாக அச்சாகிறது. கல்லாவிலும் கணக்கு ஏறுகிறது. கிறுக்கல் எழுத்து இல்லை, சீட்டு நனைவதும் தொலைவதும் இல்லை. நல்லதுதான்.

ஆனால் தொட்டது தவறானால்? தாத்தாவுக்கு இனிப்பு நீர். அவர் கேட்டது ‘தே ஓ கோசோங்’, பாலும் சீனியும் இல்லாத தேநீர். பையன் ‘தே ஓ’வைத் தொட்டுவிட்டால் சீனியோடு வரும். முன்பு சீட்டு மேசையிலேயே கிடக்கும். நாமே பார்த்துத் திருத்தலாம். இப்போது அது கருவிக்குள் இருக்கிறது. ஆகவே பையன் நகருமுன், “தம்பி, ஒருமுறை படித்துச் சொல்” என்று கேட்போம். பணம் கட்டும்போது ரசீதும் வாங்குவோம். அது பெரும்பாலும் மையில்லாமல் சூட்டினால் அச்சாகும் தாள். வெயிலில் வைத்தால் எழுத்து மங்கும். வேண்டியதைப் படம் எடுத்து வைக்கலாம்.

இது கடைக்கு மட்டும் உரிய சங்கதியல்ல. செம்பனைக் குலைக் கணக்கையும் கருவியில் பதியும் தோட்டங்கள் உண்டு. அங்கேயும் அன்றன்று எண்ணைக் காட்டச் சொல்லி, பிள்ளைகளின் பழைய பள்ளி நோட்டில் நாமும் குறித்து வைத்தால், சம்பள நாளில் கிராணியிடம் பேச ஆதாரம் இருக்கும்.

தோட்டத்தை விட்டுக் கடை வேலைக்குப் போன பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பல கருவிகளில் வேலையாளுக்குத் தனி எண் உண்டு. யார், எப்போது பதிந்தார் என்பது அதில் நிற்கும். அவசரத்துக்கு என்று அந்த எண்ணை மற்றவரிடம் கொடுக்கக் கூடாது. தவறிய ஆர்டரின் விலையைச் சம்பளத்தில் பிடிப்பேன் என்று முதலாளி சொன்னால், உடனே தலையாட்ட வேண்டாம். 1955ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, வாங்கிய முன்பணம் போல, சட்டம் இடம் கொடுத்தவற்றைத் தவிர வேறு எதையும் சம்பளத்தில் பிடிக்க விடுவதில்லை. அப்படிப் பிடித்துவிட்டால் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போய் முறையிடலாம்.