பிள்ளைப்பேறும் தலையெழுத்தும்

(போடிநாயக்கனூரில் தாய்மார்களும் ஏலத்தோட்டத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் பொது மேடைகளில் சாதாரணமாகப் பேசப்படுவதில்லை. பிரசவம் என்றால் அது பெண்கள் சங்கதி, ஆண்பிள்ளைகள் அதைக் காது கொடுத்துக் கேட்பது கௌரவக் குறைவு என்று நம்மவர்களுக்குள் ஓர் எண்ணம் இருந்து வருகிறது. பிள்ளை பிறந்த பிறகு அதற்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்வதில் மாத்திரம் ஒருவருக்கும் கௌரவக் குறைவு ஏற்படுவதாகக் காணோம். ஆகையால் ஆண்கள் எழுந்து போகாமல் இருந்து கேட்க வேண்டுகிறேன். நான் சொல்லப் போவது முக்கியமாய் அவர்களுக்குத்தான்.

நாலரை அடி உயரமுள்ள ஒரு சிறு உடம்புக்காரி நாலு கிலோ எடையுள்ள பிள்ளையை வயிற்றில் சுமக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை சுகமாய்ப் பிறந்துவிட்டால் "குலதெய்வம் கொடுத்தது" என்கிறோம். பிறக்க முடியாமல் தாயும் பிள்ளையும் தத்தளித்தால் "அவள் தலையெழுத்து" என்கிறோம். மாமியார் இன்னும் ஒருபடி மேலே போய், "இந்தக் குள்ளச்சியைக் கட்டி வைத்தோமே" என்கிறாள். தெய்வம், தலையெழுத்து, மருமகள் ஆகிய மூன்று பேர் மேலும் பழி போட்டாகிவிட்டது. ஆனால் நாம் செய்ய வேண்டிய காரியம் ஒன்று நடுவில் இருக்கிறதே, அதைப் பற்றி யோசித்தோமா? அந்தக் காரியம் என்னவென்றால் அளந்து பார்ப்பது. தாயின் உயரத்தை அளக்க வேண்டும், அவள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை அளக்க வேண்டும், அவள் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். இந்தப் போடிநாயக்கனூர் ஏலக்காயைச் சல்லடையில் சலித்து, இது 8 மில்லிமீட்டர், இது 7 மில்லிமீட்டர் என்று தரம் பிரித்து ஏலம் போடுகிற ஊர். காய்க்கு இத்தனை அளவு பார்க்கிற நாம், அந்தக் காயைப் பறிக்கிற பெண் விஷயத்தில் மட்டும் விதியைப் பார்ப்பது என்ன நியாயம்?

சிறிய தாய்க்குப் பெரிய பிள்ளை எப்படி?

முதலாவதாக, பயப்பட வேண்டாத ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். தாயின் உடம்புக்கு ஏற்றபடி பிள்ளையின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் வழி இயற்கையிலேயே ஓரளவு இருக்கிறது. 1938-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் வால்ட்டன், ஹாமண்ட் என்ற இருவர் குதிரைகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். மிகப் பெரிய ஷயர் ஜாதிக் குதிரையையும், மட்டமான ஷெட்லண்டு ஜாதிக் குதிரையையும் கலந்து இனம் பெருக்கினார்கள். தாய் பெரியதாய் இருந்தபோது குட்டி பெரியதாகவும், தாய் மட்டமாய் இருந்தபோது குட்டி அதில் மூன்றில் ஒரு பங்கு எடையுள்ளதாகவும் பிறந்தது. தகப்பன் எவ்வளவு பெரிய குதிரையானாலும், சிறிய தாயின் வயிற்றுக்குள் குட்டி ஓர் எல்லைக்கு மேல் வளரவில்லை.

மனிதர்களிலும் இந்தக் கட்டுப்பாடு உண்டு. அதோடு குழந்தையின் மண்டை ஓடு ஒரே எலும்பல்ல. ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறி வழி விட்டுக்கொடுக்கக் கூடிய பல எலும்புகள். ஆகவே குட்டையான பெண்கள் பெரும்பாலோர் சுகமாகவே பிரசவிக்கிறார்கள். அரசாங்கச் சுகாதாரத் துறை 140 சென்டிமீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 4 அடி 7 அங்குலத்துக்குக் குறைந்த கர்ப்பிணியைக் கூடுதல் கவனத்துக்குரியவர் என்று குறித்து வைக்கச் சொல்லுகிறது. அது ஓர் எச்சரிக்கையே தவிர தீர்ப்பு அல்ல.

ஆனால் இந்தக் கட்டுப்பாடு சில சமயம் போதாமல் போய்விடுகிறது. தகப்பன் வழியில் பெரிய உடல்வாகு, மாதம் முற்றி நாள் தள்ளிப்போவது, முதற் பிள்ளையைவிட அடுத்த பிள்ளைகள் எடை கூடிப் பிறப்பது ஆகியவை சில காரணங்கள். எல்லாவற்றிலும் முக்கியமாய், கண்டுபிடித்துத் தடுக்கக் கூடிய காரணம் ஒன்று உண்டு. அதுதான் கர்ப்ப காலத்துச் சர்க்கரை.

சர்க்கரை செய்கிற வேலை

தாயின் ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் அது நஞ்சுக்கொடி வழியாய்க் குழந்தைக்குப் போகிறது. ஆனால் அந்தச் சர்க்கரையை அடக்குகிற இன்சுலின் என்னும் சுரப்பு தாயிடமிருந்து போவதில்லை. வருகிற சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தை தானே இன்சுலினை அதிகமாய்ச் சுரக்கிறது. அதன் பலனாய்க் கொழுப்பு சேர்ந்து தோளும் வயிறும் பருத்துவிடுகின்றன. தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அதிகம். "ராஜா மாதிரி பிள்ளை" என்று ஊரார் மெச்சுகிற எடைக்குள்ளே இப்படியும் ஒரு நோய் ஒளிந்திருக்கலாம்.

சர்க்கரை குண்டுப் பெண்களுக்குத்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் ஒல்லியான பெண்களுக்கும் வருகிறது. சென்னையில் டாக்டர் வி. சேஷய்யா போன்றவர்கள் இதைப் பல காலம் வற்புறுத்தி வந்ததன் பயனாக, 2007-ஆம் வருஷத்தில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்ற ஏற்பாட்டை இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழ்நாடு கொண்டு வந்தது. பரிசோதனையும் மிகவும் சுலபம். 75 கிராம் குளுகோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் வைத்தியம் தேவை. வெறும் வயிற்றோடு வர வேண்டிய அவசியமும் இல்லை. மலையிலிருந்து பஸ் ஏறி வருகிறவளுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம்! சர்க்கரை இருப்பதாகத் தெரிந்தாலும் பெரும்பாலோருக்குச் சாப்பாட்டை ஒழுங்கு செய்வதும் நடப்பதுமே போதும். மீதிப் பேருக்கு மருந்து இருக்கிறது.

பிள்ளை பிறந்த பிறகும் ஒரு காரியம் இருக்கிறது. தாயிடமிருந்து வந்த சர்க்கரை திடீரென்று நின்றுபோவதால் இந்தக் குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக் கூடும். ஆகையால் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்தாக வேண்டும். நம்மவர்களோ சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, குடும்பத்தில் "நல்ல குணமுள்ள" பெரியவர் ஒருவர் வந்து சேனை தொட்டு வைக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். பெரியவரின் குணம் விரல் நுனி வழியாய்ப் பிள்ளைக்குப் போகும் என்பது உண்மையானால் பள்ளிக்கூடங்களை எல்லாம் மூடிவிடலாமே!

பட்டினி வைத்தியம்

பெரிய பிள்ளை என்ற பயத்துக்கு நம் வீடுகளில் வைத்திருக்கிற மருந்து என்ன? "நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டமாகும், அரை வயிறு சாப்பிடு" என்பதே. தாய்மார்களே, இது மகா கொடுமையான புத்திமதி என்று சொல்லுவேன். தாய்க்கு உணவு குறைந்தால் பிள்ளையின் உடம்பு முதலில் இளைக்கிறது. தலை அவ்வளவாய்ச் சிறுப்பதில்லை, ஏனென்றால் உள்ள சத்தை எல்லாம் மூளைக்குக் கொடுக்கவே உடம்பு பார்க்கிறது. பிரசவத்தில் அநேகமாய்ச் சிக்குவது எது? தலைதான். ஆகவே பட்டினி போட்டதால் வழி லேசாகிவிடவில்லை. இரண்டரைக் கிலோவுக்கும் குறைந்த நோஞ்சான் பிள்ளையும், ரத்த சோகை பிடித்து, பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்க முடியாத தாயுமே மிச்சம்.

அதற்காக இரண்டு பேருக்குச் சேர்த்துத் தின்ன வேண்டுமென்று இனிப்பையும் சோற்றையும் மலைபோல் குவிக்கவும் சொல்லவில்லை. பயறு, கீரை, முட்டை, மீன், கேழ்வரகு ஆகியவற்றைப் பசியறிந்து சாப்பிட்டு, எடையை மாதாமாதம் நிறுத்துப் பார்ப்பதே அறிவுடைமையாகும்.

ராணிக்குக் கிடைக்காதது

"எல்லாம் ஆண்டவன் செயல்" என்பவர்களை ஒரு கேள்வி கேட்கிறேன். 1817-ஆம் வருஷத்தில் இங்கிலாந்து தேசத்துப் பட்டத்துக்குரிய இளவரசி சார்லட் சுமார் 50 மணி நேரம் பிரசவ வேதனைப்பட்டு, 9 ராத்தல், அதாவது 4 கிலோ எடையுள்ள ஆண் குழந்தையை உயிரில்லாமல் பெற்று, சில மணி நேரத்தில் தானும் மாண்டாள். 1631-ஆம் வருஷத்தில் ஷாஜகான் மனைவி மும்தாஜ் 14-வது பிரசவத்தில் இறந்தாள். அவர்களுக்காகப் பிரார்த்தனை செய்ய ஆள் இல்லையா, செலவழிக்கப் பணம் இல்லையா? இறந்த பிறகு தாஜ்மஹால் கட்ட முடிந்தது. இறக்காமல் காக்க முடியவில்லை. ஏனென்றால் அன்றைக்கு அதற்கு வேண்டிய வித்தை இல்லை.

அந்த வித்தை பிறகு மனித முயற்சியால் வந்தது. நமக்கு மேற்கே தெரிகிற ஏலமலை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. அந்த ராஜ்யத்தின் திருவனந்தபுரத்தில் 1920-ஆம் வருஷத்தில் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கும் சிகிச்சையை நடத்தியவர் டாக்டர் மேரி பூனன் லூக்கோஸ் என்ற ஒரு பெண். அதுவே கேரளத்தில் முதலாவது என்று சொல்லப்படுகிறது. ராணிக்கும் கிடைக்காத அந்தச் சிகிச்சை இன்று அரசாங்க ஆஸ்பத்திரியில் கூலிக்காரிக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

ஆனால் வித்தை வந்ததும் பஞ்சாங்கமும் அதன் பின்னாலேயே வந்துவிட்டது! ராகு காலம் கழியட்டும், நல்ல நட்சத்திரத்தில் கத்தி வையுங்கள் என்று டாக்டரைக் கேட்கிறார்களாம். டாக்டர் குறிக்கிற நேரத்தில் பிள்ளையின் விதி மாறுமானால், பிரம்மா எழுதியது எங்கே போயிற்று? 2019-21 வருஷங்களின் தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 அறுவை மூலமே நடந்திருக்கின்றன. தாய் குட்டை என்பதற்காகவோ, நாள் நல்ல நாள் என்பதற்காகவோ அறுப்பதும் மூடத்தனம். வேண்டியபோது "வயிற்றைக் கிழிக்க விடமாட்டோம்" என்று தடுப்பதும் மூடத்தனம். இரண்டுக்கும் மருந்து, "காரணம் என்ன?" என்று டாக்டரைத் தைரியமாய்க் கேட்பதேயாகும்.

மலைச் சரிவில் தூரமே ஆபத்து

பள்ளத்தில் இருப்பவளுக்கு வலி நீடித்தால் ஆஸ்பத்திரி கிட்டத்தில் இருக்கிறது. குரங்கணிக்கு மேலேயும், ஏலத்தோட்டத்து லயங்களிலும் இருப்பவள் என்ன செய்வாள்? நூறு வருஷத்துக்கு முன்பே டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு இரும்புக் கயிறு கட்டித் தேயிலைப் பெட்டியை இறக்கினார்கள். மலைக் கிராமத்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த செய்தியோ நம் காலத்திலும் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. லாபம் இருந்தால் பெட்டிக்கு வழி பிறக்கிறது. பெண்ணுக்கு அப்படிப் பிறப்பதில்லை.

பிள்ளை வழியில் சிக்கி மணிக்கணக்கில் நின்றுவிட்டால் கர்ப்பப்பை கிழிந்துபோகலாம்; உயிர் தப்பினாலும் மூத்திரப் பை புண்ணாகி, வாழ்நாள் முழுவதும் ஒழுகிக்கொண்டிருக்கலாம். அப்படிப்பட்ட பெண்ணை நாற்றம் என்று ஒதுக்கிவைக்கிற புருஷர்களும் உண்டு. ஆகையால் சிறு உடம்பு, சர்க்கரை, முந்திய பிரசவத்தில் கஷ்டம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால், வலி எடுத்த பிறகு ஜீப் தேடக்கூடாது. மாதம் நிறையும்போதே கீழே வந்துவிட வேண்டும். பிரசவத்துக்கு முன்பே வந்து தங்குவதற்கென்று மலைப்பகுதி சுகாதார நிலையங்கள் சிலவற்றில் அறைகள் இருக்கின்றன. இல்லாத இடத்தில் வேண்டுமென்று பஞ்சாயத்தில் கேளுங்கள். அந்தச் சமயம் கூலி போகுமே என்பீர்கள். புருஷன் சாராயத்துக்குக் கொடுக்கிற பணத்தைச் சேர்த்தால் அந்தக் கூலி வந்துவிடும்.

இடுப்பெலும்பு எங்கே உண்டாகிறது?

கடைசியாக, இந்தப் பெண் ஏன் குட்டையானாள் என்று கேட்க வேண்டாமா? பிறவிச் சாயல் ஒரு பங்கு. தட்டில் விழுந்த சோறு இன்னொரு பங்கு. ஆண்பிள்ளைக்கு முட்டை, பெண்பிள்ளைக்குக் குழம்பு என்று வளர்த்துவிட்டு, இருபது வருஷம் கழித்து அவள் இடுப்பு குறுகலாயிருக்கிறது என்று விதியை நோவதா? 1928-ஆம் வருஷத்தில் காத்லீன் வாகன் என்ற பெண் டாக்டர் காஷ்மீரத்து அனுபவத்தைக் கொண்டு ஒரு புத்தகம் எழுதினார். வெயில் படாமல் கோஷாவில் அடைபட்ட பெண்களுக்கு எலும்பு மிருதுவாகி இடுப்பு வளைந்து பிரசவம் எமனாயிற்று என்றும், வெளியில் பாடுபட்ட படகுக்காரப் பெண்களுக்கு அந்தக் கஷ்டமில்லை என்றும் காட்டினார். எலும்பைக் கெடுத்தது ஆண்டவனல்ல, வழக்கமே.

உயரம் நின்ற பிறகும் பெண்ணின் இடுப்பெலும்பு சில வருஷம் வளருகிறது. அது வளருமுன் கல்யாணம் செய்வது பாதிக் கட்டின வீட்டில் குடியேறுவது போலாகும். 1929-ஆம் வருஷத்துச் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயது என்றதற்கே வைதீகர்கள் மதம் போயிற்று என்று கூச்சலிட்டார்கள். 1978-இல் அது 18 ஆயிற்று. மதம் எங்கும் போய்விடவில்லை.

1920-இல் சென்னையில் சர். பி. தியாகராயர் தொடங்கிய பள்ளிக்கூடச் சாப்பாடு 1956-இல் காமராசர் காலத்தில் நாடெங்கும் பரவி, 1982-இல் விரிந்து, 2022-இல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டம் போகிற தாயின் மகளுக்கு அந்தக் காலைச் சோறு தர்மமல்ல, அவளுடைய இடுப்பெலும்பு. மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிறவர் அந்த எலும்பையும் சேர்த்தே நிறுத்துகிறார்.

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் நாளைக்கே சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். உயரமும் எடையும் சர்க்கரையும் அளந்து அட்டையில் எழுதச் சொல்லுங்கள். எழுதினதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். பெண் குழந்தை இருந்தால் இன்று ராத்திரியே அவள் தட்டில் அண்ணனுக்கு வைத்த அளவு வையுங்கள். இதற்குமேல் எந்தச் சாமிக்கும் நேர்ந்துகொள்ள வேண்டிய அவசியம் உண்டா என்பதை உங்கள் அறிவுக்கே விட்டுவிட்டு என் சொற்பொழிவை முடித்துக்கொள்ளுகிறேன்.