கண்ணுக்குப் போட்ட விலை

(ஆலை, விவசாயத் தொழிலாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாணைக்கல்லில் இரும்பு பிடித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கதிர் அறுத்தவர்களும் இருக்கிறீர்கள். கண்ணில் எதுவும் விழாதவர் ஒருவராவது உண்டா?

நான் வேலை பார்த்த ஆலையில் பட்டறைத் தோழர் ஒருவருக்குச் சாணைப் பொறி பாய்ந்து வலது கண் போயிற்று. ஆலையில் பாதுகாப்புக் கண்ணாடி இல்லையா? இருந்தது. போர்மன் அலமாரியில், பூட்டுக்குள் இருந்தது! இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் வெளியே வரும். கண் போன பிறகு, "கொடுத்தோம், அவர் போடவில்லை" என்றது நிர்வாகம்.

ஏன் அப்படிச் சொன்னார்கள்? எங்களுக்கு அன்று ஈ.எஸ்.ஐ. இல்லை. 1923-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டம்தான். மற்றக் கண் நன்றாயிருந்தால், போன கண்ணுக்குச் சம்பாதிக்கும் சக்தியில் 40 சதவீத இழப்பு என்று அது விலை போட்டது. விழி இருந்து பார்வை மட்டும் போனால் 30. கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே ஒதுக்கியதாக நிரூபித்தால் அந்தக் காசும் இல்லை என்று முதலாளிக்கு ஒரு சந்தும் விட்டது. ஆகவே கண்ணாடியை எழுத்தில் கேளுங்கள். கீறல் விழுந்ததைக் கொடுத்தால் அதையும் எழுதுங்கள். நல்லதாகக் கொடுத்தால் போடுங்கள். வேர்வையில் தொந்தரவுதான், எனக்கும் தெரியும்.

வயலுக்கு வருவோம். நெல் தாளின் நுனி கண்ணைக் கீறினால் சின்ன விஷயம் என்று நினைக்கிறோம். அந்தக் கீறல் வழியே காளான் புகுந்து கருவிழியில் புண் வைக்கும். தாய்ப்பால், இலைச்சாறு விடாதீர்கள். நாக்கால் எடுக்க விடாதீர்கள். கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் காளான் புண் இன்னும் பரவும். நேபாளத்தில் பக்தபூர் கிராமங்களில் சுகாதார ஊழியர்கள் கண் கீறலுக்குக் குளோரம்பெனிக்கால் களிம்பு போட்டார்கள். 2001-ல் வெளியான கணக்குப்படி, 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. அறுப்பு முடியட்டும் என்று இருக்காதீர்கள். காலையில் கீறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அரை நாள் கூலி போகும், ஆமாம்.

காஸ்டிக் சோடா, சுண்ணாம்பு, பூச்சி மருந்து தெறித்தால் மட்டும் முதலில் தண்ணீர். இமையைத் திறந்து பிடித்துக் கால் மணி நேரமாவது ஊற்றுங்கள். பிறகு ஓடுங்கள்.

வாசல் மேஜையில் கண்ணாடி கேட்கும் மனு இருக்கிறது. முதல் கையெழுத்து அந்தப் பட்டறைத் தோழருடையது. போகும்போது அதற்குக் கீழே போட்டுவிட்டுப் போங்கள்.