கையொப்பத்துக்கு முன் கணக்கு

(மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



சமயமும் பண்பாடும் பேசப்பெறும் இம்மேடையில் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வருமான வரி. இதைவிட நல்ல விடயம் கிடைக்கவில்லையா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் நம்மிற் பலர் இப்போதுதான் உத்தியோகம் பெற்றவர்கள். 18 வயது நிரம்பியோர் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் பெறவேண்டும் என்ற விதி 2024 ஜனவரி முதல் நம் நாட்டில் வந்தது. இலக்கம் பெற்றோர் எல்லாரும் வரி செலுத்துவோர் அல்லர். எனினும், வருமானம் எல்லையைத் தாண்டும் நாளில் விபரத்திரட்டை நிரப்பவேண்டியவர் நாமே. அதை எவ்வாறு நிரப்புவது, அதற்குக் கட்டற்ற மென்பொருள் எவ்வாறு உதவும் என்பதே இன்றைய பேச்சு.

விபரத்திரட்டு ஒன்றில் இரண்டு பகுதிகள் அடங்கியுள்ளன. ஒன்று கணக்கு, மற்றையது உறுதிமொழி. கணக்கை எவரும் போட்டுத் தரலாம். தெரிந்தவர் ஒருவர் போடலாம், பணம் பெற்றுக்கொண்டு முகவர் போடலாம், கணினியும் போடலாம். ஆனால், இதிற் கண்டவை யாவும் உண்மை என்னும் உறுதிமொழி நம்முடையது. அதற்குக் கீழே வருவது நமது பெயர். பிழை நேர்ந்தால் திணைக்களத்தின் கடிதம் நமது முகவரிக்கே வரும். ஆகவே, நாம் ஒப்புக்கொள்ளும் கணக்கு நாம் வாசித்து விளங்கக்கூடிய கணக்காக இருத்தல் வேண்டும். இதுவே நாம் சொல்லவந்த ஒரே கருத்து. மற்றவை இதற்கு விளக்கங்களே.

நாம் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்துக்கு ஒரு நியதி இருந்தது. விடையை மட்டும் எழுதினாற் புள்ளி இல்லை, செய்கையையும் காட்டவேண்டும். கணினி மென்பொருள்களிலும் இவ்விரு வகைகள் உண்டு. சில விடையை மட்டும் தரும். உள்ளே நடந்த செய்கையை மறைத்து வைக்கும். வேறு சில செய்கை முழுவதையும் திறந்து காட்டும். அச்செய்கையையே மூலநிரல் என்கிறோம்.

1983 ஆம் ஆண்டில் அமெரிக்கரான றிச்சார்ட் ஸ்டோல்மன் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். கட்டற்ற மென்பொருள் இயக்கம் அதிலிருந்தே வளர்ந்தது. விரும்பிய தேவைக்கு மென்பொருளை இயக்குதல், அதன் மூலநிரலைக் கற்று மாற்றுதல், பிறருக்குப் பகிர்தல், மாற்றிய வடிவத்தையும் பகிர்தல் ஆகிய நான்கு சுதந்திரங்களை அது வற்புறுத்துகின்றது. திறந்த மூல மென்பொருள் என்னும் பெயர் 1998 இல் வழக்குக்கு வந்தது. ‘கட்டற்றது’ என்பது ‘காசில்லாதது’ என்பதன்று. பெரும்பாலும் காசின்றிக் கிடைக்கின்றது என்பது உண்மையே. ஆயினும் அதன் சிறப்பு விலையில் இல்லை, வெளிப்படையாய் இருத்தலில் உண்டு.

இக்கொள்கையை வரிக்கணக்கில் அனுட்டித்தவர்கள் உளரா? உளர். அமெரிக்காவில் ‘ஓப்பன் டக்ஸ் சோல்வர்’ என்னும் மென்பொருள் பல ஆண்டுகளாக வழங்கிவருகின்றது. அந்நாட்டின் தனிநபர் வரிப் படிவமான 1040 ஐயும் சில மாநிலங்களின் படிவங்களையும் அது கணிக்கின்றது. படிவத்திலுள்ள ஒவ்வொரு வரிசையின் இலக்கத்துக்கும் எதிரே தொகையை இடுகிறோம். கூட்டல், கழித்தல், வரி அட்டவணை பார்த்தல் யாவற்றையும் மென்பொருள் செய்து முடிக்கின்றது. கணக்கு நம் சொந்தக் கணினியிலேயே நடைபெறும். சம்பள விபரம் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. அரசாங்கம் ஆண்டுதோறும் படிவத்தை மாற்றுவதால், இதனை ஆக்குவோரும் ஆண்டுதோறும் புதிய பதிப்பை வெளியிடவேண்டியிருக்கின்றது. அதற்கு ஒரு குறையும் உண்டு. விபரத்திரட்டை நேரே திணைக்களத்துக்கு மின்வழியில் அனுப்பும் வசதி அதில் இல்லை. அச்சிட்டுத் தபாலில் அனுப்பலாம்.

அதே நாட்டில் அரசாங்கமும் ஒரு முயற்சி செய்தது. 2022 இல் இயற்றிய சட்டமொன்று, இலவசமாக நேரடியாய் விபரத்திரட்டு அனுப்பும் முறையை ஆராய 15 மில்லியன் டொலரை ஒதுக்கியது. 2024 இல் ‘டிரெக்ட் பைல்’ என்னும் சேவை 12 மாநிலங்களிற் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. அவ்வாண்டில் 140,000 பேருக்கு மேற்பட்டோரின் விபரத்திரட்டுகள் அதன்மூலம் ஏற்கப்பட்டன. 2025 இல் அது 25 மாநிலங்களுக்கு விரிந்தது. அவ்வாண்டிலேயே அதன் மூலநிரலின் பெரும்பகுதியும் பொதுமக்கள் காண வெளியிடப்பட்டது. ஆனால் 2026 ஆம் ஆண்டுப் பருவத்துக்கு அச்சேவை வழங்கப்படவில்லை. சேவை நின்றது, மூலநிரலோ பொதுவில் இருக்கின்றது. கதவு பூட்டப்பட்ட பின்னரும் வீட்டின் வரைபடம் ஊரார் கையில் எஞ்சியிருப்பது போன்றது இது. வேண்டியவர் அதைக் கற்கலாம், அதன்மேற் கட்டவும் செய்யலாம்.

பிறேசில் நாட்டுச் செய்தி இன்னும் கவனிக்கத்தக்கது. அங்கே வருமான வரி விபரத்திரட்டு ஆக்குவதற்கு அரசாங்கமே ஒரு மென்பொருளை வழங்கியது. அதன் மூலநிரலை வழங்கவில்லை. சட்டம் நம்மைச் செய்யச் சொல்லும் ஒரு காரியத்தை, உள்ளே என்ன நடக்கின்றது என்று பார்க்கமுடியாத கருவியாற் செய்யச் சொல்லலாமா என்று இலத்தீன் அமெரிக்கக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் 2006 இற் கேள்வி எழுப்பினர். போர்த்துக்கேய மொழியில் ‘இம்போஸ்து’ என்னும் சொல் வரியையும் குறிக்கும், திணிக்கப்பட்டதையும் குறிக்கும். அச்சிலேடையையே தம் இயக்கத்துக்குப் பெயராக்கினர். கேள்வியோடு நின்றுவிடாமல், 2007 இல் அதே வேலையைச் செய்யும் கட்டற்ற மென்பொருள் ஒன்றையும் வெளியிட்டனர்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இலங்கையில் வருமான வரி 1932 முதல் இருந்து வருகின்றது. அமெரிக்க மென்பொருள் நமக்கு உதவாது. அந்நாட்டுச் சட்டம் வேறு, நம் சட்டம் வேறு. ஆனால் மாதச் சம்பளமும் வங்கி வட்டியும் மட்டுமே உடைய ஒருவருக்குப் பெரிய மென்பொருள் தேவையுமில்லை. ‘லிப்றே ஒபிஸ்’ என்னும் கட்டற்ற மென்பொருட் தொகுதியிலுள்ள விரிதாள் ஒன்றே போதும்.

2025/2026 மதிப்பீட்டு ஆண்டை எடுத்துக்கொள்வோம். தனிநபர் நிவாரணம் ரூபா 1,800,000. அதற்கு மேற்பட்ட வருமானத்தில் முதல் 1,000,000 ரூபாவுக்கு நூற்றுக்கு 6 வீதம். அடுத்துவரும் மூன்று 500,000 ரூபாவுக்கும் முறையே 18, 24, 30 வீதம். எஞ்சியதற்கு 36 வீதம்.

மாதம் 220,000 ரூபா சம்பளம் பெறும் ஒருவரைக் கற்பனை செய்வோம். ஆண்டுச் சம்பளம் 2,640,000 ரூபா. வங்கி வட்டி 200,000 ரூபா. இரண்டுங் கூடி 2,840,000. நிவாரணத்தைக் கழித்தால் 1,040,000. முதற் படிக்கு வரி 60,000; எஞ்சிய 40,000 ரூபாவுக்கு 18 வீதப்படி 7,200. ஆக மொத்த வரி 67,200 ரூபா. ஆனால் தொழில் வழங்குநர் மாதம் 4,200 ரூபாவாக ஆண்டில் 50,400 ரூபாவை முன்னரே கழித்திருப்பார். வங்கியும் வட்டியில் நூற்றுக்கு 10 வீதமாக 20,000 ரூபாவைக் கழித்திருக்கும். இரண்டுங் கூடி 70,400. ஆகவே 3,200 ரூபா மிகையாகச் செலுத்தப்பட்டுள்ளது; அது அவர் கேட்டுப் பெறவேண்டிய பணம்.

அவருடைய வட்டி 200,000 அன்றி 500,000 என வைப்போம். அப்போது வரி 121,200 ரூபா; கழிக்கப்பட்டதோ 100,400 ரூபா. இன்னும் 20,800 ரூபா அவர் செலுத்தவேண்டும். “வங்கி பிடித்துவிட்டதே, இனி எமக்கென்ன?” என்று இருப்பவர் இதை அறியமாட்டார். ஒரே மனிதர், ஒரே சம்பளம். வட்டி மாறியதும் பெறவேண்டியவர் கொடுக்கவேண்டியவராகிவிட்டார். செய்கையைக் கண்ணாற் பார்த்தவருக்கே இதன் காரணம் விளங்கும்.

இதனை விரிதாளில் அமைப்பது எளிது. நிவாரணத்தையும் வீதங்களையும் ஒரு தாளில் தனியே எழுதவேண்டும். மேலே மதிப்பீட்டு ஆண்டைக் குறிக்கவேண்டும். மற்றொரு தாளில் வருமானமும் கழிவுகளும் வரும். முதற் படிக்குரிய கட்டத்தில், ‘வரிக்குரிய வருமானம், பத்து இலட்சம் ஆகிய இரண்டிற் சிறியதை 6 வீதத்தாற் பெருக்கு’ என்னும் சூத்திரத்தை இட்டால், தொகை எதுவாயினும் விடை சரியாய் வரும். ஏனைய படிகளும் இவ்வாறே. எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அதன் சூத்திரம் தெரியும். ஒளிவு மறைவு இல்லை.

இங்கே பெரியோர்கள் சில ஆட்சேபங்களை எழுப்பக்கூடும். காசில்லாமற் கிடைப்பதை நம்பலாமா? நம்பவேண்டாம், சோதித்துப் பார்ப்போம் என்பதே நமது விடை. மேலே சொன்ன இரண்டு உதாரணங்களையும் கையாற் செய்து, தாள் தரும் விடையோடு ஒப்பிடலாம். சோதிக்க இடங்கொடுப்பதே கட்டற்ற மென்பொருளின் நன்மை. சட்டம் மாறினால் என்ன செய்வது? மாறத்தான் செய்யும். 2025 ஏப்ரலுக்கு முன் நிவாரணம் 1,200,000 ரூபாவாகவும் வட்டியிற் கழிவு 5 வீதமாகவும் இருந்தன. பழைய ஆண்டுத் தாளைப் புதிய ஆண்டுக்குப் பயன்படுத்துவோர் பிழையான கணக்குக்கே ஒப்பமிடுவர். ஆகையால் ஆண்டுதோறும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் அறிவித்தலோடு வீதங்களை ஒப்புநோக்குதல் அவசியம். வியாபாரம், வாடகை, காணி விற்பனை முதலியவை உள்ளவர்களோ தகுதியுள்ள கணக்காளரையே நாடவேண்டும். இத்தாள் அவருக்கு மாற்றீடன்று.

நம்மால் இது ஆகுமா என்று தம்பிமார் தயங்கவேண்டியதில்லை. 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்வதற்கு ‘சகானா’ என்னும் கட்டற்ற மென்பொருளை இலங்கைத் தொண்டர்களே ஆக்கினர். அது பின்னர் வேறு நாடுகளின் பேரிடர்களிலும் உதவியது. கட்டற்ற மென்பொருள் நிறுவகத்தின் சமூகநல விருதையும் பெற்றது. அத்துணைப் பெரிய காரியத்தைச் செய்த நாட்டில், ஒரு வரித்தாள் செய்வது அரிய செயலாகாது.

ஆதலால் மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். கணினி அறிந்த இளைஞர் சிலர் சேர்ந்து இத்தகைய தாளொன்றைத் தமிழில் ஆக்குவர். உத்தியோகத்தில் இருந்து இளைப்பாறிய பெரியோர், பேனாவும் காகிதமும் கொண்டு அதன் கணக்கைச் சரிபார்த்துத் தரவேண்டும். இளைஞரிடம் கருவி இருக்கின்றது. பெரியோரிடம் கணக்குப் பார்த்த கண் இருக்கின்றது. இரண்டும் கூடினாலன்றித் தாள் நம்பத்தக்கதாகாது. தாள் யாவர்க்கும் பொதுவாக இருக்கட்டும். ஆனால் ஒருவர் சம்பளத்தை மற்றவர் அறியவேண்டியதில்லை. ஆளுக்கொரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தத்தம் தொகையைத் தாமே இடவேண்டும்.

மதிப்பீட்டு ஆண்டு மார்ச் 31 இல் முடிகின்றது. விபரத்திரட்டு அதற்கடுத்த நவம்பர் 30 ஆந் திகதிக்குள் சேரவேண்டும். இடையில் எட்டு மாதங்கள் உள்ளன. கடைசி வாரத்தில் யாரோ ஒருவரின் வாசலிற் காத்து நின்று, வாசிக்காத தாளில் ஒப்பமிடும் வழக்கத்தை நம் தலைமுறை விட்டுவிடட்டும். செலுத்தவேண்டியதைக் குறைவின்றிச் செலுத்துவோம். மிகையாய்ப் போனதைத் தயக்கமின்றிக் கேட்போம். இரண்டுக்கும் நம் கணக்கு நமக்குத் தெரிந்திருக்கவேண்டும்.