சீரியல் கேபிளில் வந்த சொற்கள்

(கணினிப் பயன்பாடு குறித்த ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



நான் முன்பு பணியாற்றிய பள்ளியில் விண்டோஸ் 98 கணினி ஒன்று இருந்தது. மாணவர்கள் தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வந்த வட்டாரச் சொற்களை, தமிழாசிரியர் ஐயா ஒருவர் ஆறு ஆண்டுகளாக அதில் தட்டச்சு செய்து வைத்துவிட்டு ஓய்வுபெற்றிருந்தார். கமலை, சால், வடம் என்று கிணற்றடிச் சொற்களுக்கே தனியாக ஒரு கோப்பு. மொத்தம் 14 கோப்புகள். எல்லாம் சேர்ந்து 1 மெகாபைட் இருக்கும். மாணவர்கள் எழுதிய தாள்கள் எப்போதோ பழைய காகிதத்தோடு போய்விட்டன.

ஒருநாள் ஹார்ட் டிஸ்கில் கரகரவென்று சத்தம். பிளாப்பி டிரைவும் சிடி டிரைவும் ஏற்கெனவே பழுது. நெட்வொர்க் கார்டு கிடையாது. பென் டிரைவைச் செருகினால் அதற்குரிய டிரைவர் மென்பொருளைக் கேட்டது. அதை உள்ளே ஏற்ற வழியில்லை. மிச்சமிருந்தது பின்பக்கத்து 9 ஊசி சீரியல் போர்ட். என் பழைய மடிக்கணினியிலும் அதே போர்ட் இருந்தது.

முதலில் வாங்கிய கேபிள் உதவவில்லை. அது நேர் கேபிள். இந்தப் போர்ட்டில் 2ஆம் ஊசி கேட்கும், 3ஆம் ஊசி பேசும், 5 பொதுவான கிரவுண்ட். நேர் கேபிளைப் போட்டால் வாயும் வாயும், காதும் காதும் சேர்ந்துவிடுகின்றன. 2ஐயும் 3ஐயும் மாற்றிக் கட்டிய கேபிள் வேண்டும். கடையில் 'நல் மோடம் கேபிள்' என்று கேளுங்கள்.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. டாஸுக்குப் போய், மோட் கட்டளையில் வேகம் 9600 என்று மட்டும் கொடுத்தேன். மற்றதைச் சொல்லாவிட்டால் அது எழுத்துக்கு 7 பிட் என்று எடுத்துக்கொள்ளும். மடிக்கணினியையும் அதற்கேற்ப வைத்துக் கோப்பை அனுப்பினேன். தேதி, எண்கள், ஆங்கிலத்தில் இருந்த ஊர்ப் பெயர்கள் சரியாக வந்தன. தமிழ் மட்டும் குப்பையாக வந்தது! யூனிகோடுக்கு முந்தைய நம் தமிழ் எழுத்துருக்களில் பல 127க்கு மேற்பட்ட எண்களில்தான் தமிழை வைத்திருந்தன. எட்டாவது பிட்டை வெட்டினால் தமிழ் எப்படித் தங்கும்? ஹார்ட் டிஸ்க் அரற்றிக்கொண்டிருக்கும்போது இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் போனது.

பிறகு இரு பக்கமும் ஹைப்பர்டெர்மினலைத் திறந்து, 9600, 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று ஒன்றுபோல் அமைத்தேன். அனுப்பும் முறை எக்ஸ்மோடம். 1977இல் வார்டு கிறிஸ்டென்சன் என்ற அமெரிக்கர் எழுதியது. அதைவிட வேகமான முறைகள் உண்டு. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். நடப்பது அவர்களுக்குப் புரியட்டும் என்று இதையே எடுத்தேன்.

நாம் சொல்வதெழுதுதல் நடத்துவது போலத்தான் இதுவும். 128 பைட்டுகளை அனுப்பி, கூடவே அவற்றின் கூட்டுத்தொகையையும் அனுப்பும். எதிர்ப்பக்கம் தானும் கூட்டிப் பார்க்கும். சரியென்றால் 'அடுத்தது', தவறென்றால் 'மறுபடி சொல்' என்று பதில் வரும்.

மறுநாள் வகுப்பில் கணினி இல்லாமலே இதைச் செய்தோம். ஒரு மாணவி 23, 41, 17, கூட்டுத்தொகை 81 என்று வாசித்தாள். கடைசி வரிசையில் ஒருவன் 23, 17, 41 என்று எழுதிவிட்டு, "கூட்டினா 81 வருதே சார், இது சரிதானே?" என்றான். நான் எதிர்பார்க்காத கேள்வி. வரிசை மாறினால் வெறும் கூட்டல் பிடிக்காது. இதனால்தான் பின்னாளில் எக்ஸ்மோடத்தில் சிஆர்சி என்ற வலுவான சோதனையைச் சேர்த்தார்கள். அன்றைய பாடமே அவன் கேள்விதான்.

8 பிட்டோடு தொடக்க, முடிவு பிட்டுகள் சேர்ந்து ஒரு பைட்டுக்கு 10 பிட். ஆக 9600இல் நொடிக்கு 960 பைட். 1 மெகாபைட்டுக்கு 18 நிமிடத்துக்கு மேல். எக்ஸ்மோடம் கோப்பின் பெயரை அனுப்பாது என்பதால் 14 முறையும் பெயரை நாங்களே தட்டினோம். கடைசித் துண்டை 128 பைட்டுக்கு நிரப்புவதால் சில கோப்புகளின் முடிவில் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது. அவற்றை அழித்துவிடலாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. எழுத்துருக் கோப்பையும் மறக்காமல் இதே வழியில் எடுத்துவிடுங்கள். அது இல்லாமல் மடிக்கணினியில் எதையும் படிக்க முடியவில்லை. யூனிகோடுக்கு மாற்றியதெல்லாம் பிறகுதான்.

அடுத்த மாதம் அந்தக் கணினியைப் போட்டபோது அது எழவில்லை. தமிழாசிரியர் ஐயாவிடம் அச்சுப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலேயே இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தினார்.

கேபிள் என்னிடம் இருக்கிறது. பழைய கணினி வைத்திருக்கும் பள்ளிகள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.