மதுவும் காமாலையும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்லீரலுக்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். வீட்டுத் தலைவன் ஈரல் நோயால் படுத்துவிட்டால், முதலில் நின்றுபோவது பிள்ளைகளின் படிப்பே.

வலப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில் அமைந்த கல்லீரல் ஏறத்தாழ 1½ கிலோ எடை உடையது. நஞ்சை முறிப்பதும், குருதி உறைவதற்கான புரதங்களை ஆக்குவதும் அதன் பணிகள். மதுவை முறிக்கும் சுமையும் அதன் மீதே விழுகிறது. தொடர்ந்து மிகுதியாகக் குடிப்பவரின் ஈரலில் முதலில் கொழுப்பு படிகிறது. பின்னர் அழற்சி உண்டாகலாம். முடிவில் ஈரல் தழும்பேறிச் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து மகோதரம் காண்கிறது. கொழுப்பு படிந்த நிலையிலேயே குடியை விட்டால் ஈரல் பெரும்பாலும் தேறிவிடும். நெடுநாள் குடித்தவர் மருத்துவர் துணையோடு அதனை நிறுத்துதல் நன்று.

ஆயினும், ஈரல் நோய் கண்டவரெல்லாம் குடிகாரர் அல்லர். 1955–56இல் டில்லியில், யமுனையிலிருந்து எடுத்த குடிநீரில் சாக்கடை கலந்ததால் 29,000க்கும் மேற்பட்டோர் காமாலையுற்றனர். குழாய் நீரைப் பருகியதன்றி அவர்கள் செய்த பிழை யாது? அது ஹெபடைடிஸ் இ வைரஸின் வேலை எனப் பின்னர் தெளிந்தனர். ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களோ குருதி வழியாகவும், பிறருக்குப் போட்ட ஊசி, பிறர் பயன்படுத்திய சவர பிளேடு ஆகியவற்றாலும் பரவும். பி வைரஸ் உடலுறவாலும், பேற்றின்போது தாயிடமிருந்து சேய்க்கும் தொற்றும். இவை பல்லாண்டு அறிகுறியின்றி ஈரலை அரிக்கும். அதனோடு மதுவும் சேர்ந்தால் அழிவு விரைவுபடும்.

நம்மவருள் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால், “குடித்தான், கெட்டான்” என்று ஊர் தீர்ப்பளித்துவிடுகிறது. அப்பழிக்கு அஞ்சி, மதுவைத் தொடாதவரும் நோயை மறைக்கிறார். குடித்தவருக்கோ, மருத்துவம் பெறும் உரிமையே இல்லை என்பது போலப் பேசுகிறோம். இந்த நாணமே பல உயிர்களுக்கு எமனாகிறது.

ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடவேண்டும். சி நோய்க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் பெரும்பாலோர்க்கு 12 வார மாத்திரையில் குணமாகும். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கீழாநெல்லியை மட்டும் நம்பி நாளைக் கடத்த வேண்டா.

இளைஞர்களே! எழுத்தறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் நோயுற்ற ஒருவரையேனும் பழிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கற்ற கல்வி பிறர் உயிர் காக்கப் பயன்படட்டும்.