பிளான் கொடுப்பதற்கு முன் பக்கத்து வீட்டாருக்கு ஒரு வார்த்தை

(அறக்கட்டளைப் பொதுக்குழுவில் செயலாளர் ஆற்றிய உரை)



தையல் பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் உள்ள நம் காலி மனையில், பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பகம் கட்ட பிளான் தயாராகிவிட்டது. நகராட்சியில் விண்ணப்பம் கொடுப்பதற்கு முன், மனையை ஒட்டிய ஏழு வீட்டாரையும் நேரில் பார்த்து அதைக் காட்டுவதென்று முடிவு செய்துள்ளோம். இதில் சிலருக்கு வருத்தம். "சட்டம் கேட்காததை நாமே போய் ஏன் சொல்ல வேண்டும்? சொன்னால்தானே ஆட்சேபணை வரும்?" என்கிறார்கள். ஏழில் நான்கு வீடு பிற சமயச் சகோதரர்களுடையது என்பதும் அந்தத் தயக்கத்துக்குள் இருக்கிறது. வெளிப்படையாகவே பேசிவிடுவோம்.

சட்டம் பற்றிச் சொல்வது பெரும்பாலும் சரிதான். நில உபயோகத்தை மாற்றக் கேட்டால் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்பார்கள். சாதாரண வீட்டுக்கு அப்படி இல்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, யாரும் நேரில் வந்து பார்க்காமலே இணையத்தில் அனுமதி கிடைத்துவிடுகிறது. நல்ல வசதி. ஆனால் பக்கத்து வீட்டாருக்கு ஜேசிபி வந்து நின்ற பிறகுதான் விஷயம் தெரிகிறது.

அனுமதித் தாள் மனையின் உரிமையை முடிவு செய்வதில்லை. சுவர் யாருடையது, எல்லைக்கல் எங்கே என்பதெல்லாம் சிவில் கோர்ட்டு விஷயம். இருபது ஆண்டு தடையின்றி அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் 1882ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டத்திலேயே உரிமை உண்டு. ஒருவர் தடையுத்தரவு வாங்கினால் கம்பி துருப்பிடிக்கும், நீங்கள் கொடுத்த நன்கொடையும் அதோடு சேர்ந்து கிடக்கும்.

வழக்குக்குப் பயந்து மட்டும் போகவில்லை. அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திக்கொண்டே இருந்ததில், அவரை வாரிசாக்கி விடுவார்களோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள் என்ற ஹதீஸ் நமக்கெல்லாம் தெரியும். அதில் அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவர் என்ற பாகுபாடு இல்லை.

முதல் வீட்டுக்குப் போனபோதே பலன் தெரிந்தது. பிளானில் செப்டிக் டேங்க் மேற்கு மூலையில் இருந்தது. "எங்கள் கிணறு சுவருக்கு இந்தப் பக்கம்தானே இருக்கிறது" என்றார் அந்த வீட்டு அம்மாள். பிளான் நம் மனை எல்லையோடு முடிந்துவிடுகிறது. அடுத்த வீட்டுக் கிணறு அதில் வராது. டேங்கைக் கிழக்கே மாற்றச் சொல்லிவிட்டோம். இன்னும் பேப்பரில்தான் இருக்கிறது என்பதால் செலவே இல்லை.

உங்கள் வீட்டு வேலைக்கும் இப்படியே செய்யுங்கள். கடைக்கால் எவ்வளவு ஆழம், போர் எங்கே, மழைநீர் எந்தப் பக்கம் விழும், ஜல்லியும் மணலும் எங்கே கொட்டுவீர்கள் என்பதைச் சொல்லுங்கள். வாடகைக்கு இருப்பவரிடம் சொன்னால் மட்டும் போதாது, வீட்டுக்காரருக்கும் தெரிய வேண்டும். நம் தெருக்களில் பல வீடுகளின் பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது. அங்கே அண்ணன் தம்பியிடம் பேசிவிட்டு வந்துவிடுகிறோம். கல்யாணமாகிப் போன அக்கா தங்கைக்கும் அந்தச் சுவரில் பங்கு உண்டு.

மீதி ஆறு வீட்டுக்கும் வரும் சனிக்கிழமை அஸருக்குப் பின் போகிறோம், இன்ஷா அல்லாஹ். தென்பக்கத்துப் பூட்டிய வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். அவருடைய வாட்ஸ்அப் எண் தெரிந்தவர்கள் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். வஸ்ஸலாம்.