சுவரோடு ஒரு வளைவு



அக்டோபர் பிறந்ததும் லண்டனிலும் அதைச் சுற்றியும் உள்ள தமிழ் வீடுகளில் ஒரு குடிபெயர்ப்பு நடக்கும். தோட்டத்தில் நின்ற கறிவேப்பிலைத் தொட்டி சமையலறை ஜன்னலோரம் வரும். முருங்கைக் கன்றுக்கு மாடிப்படியின் கீழே இடம் கிடைக்கும். தை பிறப்பதற்குள் இரண்டும் இலை கொட்டிக் குச்சியாகிவிடும். இந்தத் தொல்லைக்கு முடிவாகச் சிலர் வீட்டுப் பின்சுவரிலேயே ஒரு சாய்ப்பு இறக்கி, குழாய்களை வளைத்து நட்டு, மேலே பாலித்தீன் போர்த்திப் பசுமைக்குடில் கட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கைவேலையைத்தான் இன்று எடைபோட்டுப் பார்க்கப்போகிறோம்.

செலவு குறைவு என்றுதான் எல்லோரும் இதைப் புகழ்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது கணக்கு. சுவரில் ஏழரை அடி உயரத்திலிருந்து, தரையில் சுவரைவிட்டு ஐந்தடி தள்ளி ஒரு கூரை இறக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்ச்சரிவாக இறக்கினால் ஒன்பது அடிக் குழாய் போதும். வெளிப்புறம் புடைத்த வளைவாக இறக்கினால் ஏறக்குறைய பத்து அடி வேண்டும். கூடுதல் செலவு ஒரே ஓர் அடி. வரவைப் பாருங்கள்: சுவரிலிருந்து நாலடி தள்ளி நின்றால், நேர்ச்சரிவுக்கு அடியில் மிஞ்சுவது ஒன்றரை அடி உயரம், பூனை படுக்கலாம். வளைவுக்கு அடியிலோ நாலரை அடி. தக்காளியைக் குச்சி கட்டி ஏற்றிவிடலாம். உள்ளே கிடைக்கும் இடம் ஒன்றரை மடங்குக்கும் மேல்.

இடத்தை விடவும் பெரிய லாபம் வெயிலில். லண்டனில் டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரிதான் எழும். ஜூனில் 62 டிகிரி. கண்ணாடியோ பாலித்தீனோ, நேர்க்குத்தாக விழும் ஒளியைத் தாராளமாக உள்ளே விடும். ரொம்பச் சாய்வாக விழுந்தால் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தெற்கு பார்த்த வளைவில் கீழ்ப்பகுதி செங்குத்தாக நிற்கிறது, அது குளிர்காலச் சூரியனுக்கு. மேலே போகப்போகப் படுக்கிறது, அது கோடைக்கு. எந்த மாதமானாலும் ஏதோ ஒரு பகுதி சூரியனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதை முதலில் சொன்னவர்கள் பழைய ஆட்கள். 1815ல் சர் ஜார்ஜ் மெக்கன்சி என்ற ஸ்காட்லாந்துக்காரர், கண்ணாடிக் குடிலின் கூரை வானத்தைப் போலவே வளைந்திருக்க வேண்டும் என்று லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்கு எழுதினார். மறு ஆண்டே ஜான் கிளாடியஸ் லவுடன், வலு குறையாமல் வளைக்கக்கூடிய தேனிரும்புச் சட்டத்தைச் செய்து காட்டினார். கியூ தோட்டத்தில் 1848ல் முடிந்த பனை மாளிகை அந்த வழியில் வந்ததுதான். ஆனால் அதெல்லாம் சீமான்கள் சமாச்சாரம். 1845 வரை இங்கே கண்ணாடிக்கு எடை பார்த்து வரி போட்டார்கள். சாமானியன் கைக்கு இது வந்தது பாலித்தீனுக்குப் பிறகு. அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் எம்மர்ட் என்ற பேராசிரியர் கண்ணாடி கட்டுப்படியாகாமல் 1948ல் செலோபேன் தாளைச் சட்டத்தில் ஒட்டிக் குடில் கட்டினார். அங்கிருந்து பாலித்தீன் தொலைவில் இல்லை.

சுவரின் பெருமையை உணர்ந்தவர்கள் வேறு ஊர்க்காரர்கள். பாரிஸுக்குப் பக்கத்தில் மோந்த்ரெய் என்ற ஊரில் தோட்டம் முழுக்கச் சுவர் எழுப்பி, அதில் பீச் மரங்களைப் படரவிட்டார்கள். பகலில் சுவர் வாங்கிய வெயில், இரவில் பழத்துக்குப் போய்ச் சேரும். வடசீன விவசாயிகள் 1980களிலிருந்து இதையே பெரிதாகச் செய்கிறார்கள். வடக்கே தடித்த மண்சுவர், தெற்கே வளைந்த பாலித்தீன், இரவானால் அதன் மேல் உருட்டிவிடும் வைக்கோல் பாய். வெளியே உறைபனி, உள்ளே அடுப்பே இல்லாமல் வெள்ளரிக்காய். நம் சாய்ப்புக் குடில் இதன் குழந்தைதான். ஒரு கூடுதல் வசதியும் உண்டு: லண்டனின் பழைய வீடுகள் பலவற்றில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான், வீட்டுச் சூடு அதன் வழியே கசிந்து வீணாகப் போகும். குடில் அதை வழிமறித்து வாங்கிக்கொள்கிறது.

இனி கட்டுமானம். நீல நிறத் தண்ணீர்க் குழாய் இங்கே 25 மீட்டர் சுருளாகக் கிடைக்கும். 25 மில்லிமீட்டர் விட்டம் போதும். ஒரு சுருளில் பத்தடி வளைவு எட்டு வரும். இரண்டடிக்கு ஒன்றாக நட்டால் பதினாலு அடி நீளக் குடில். முறுக்குக் கம்பியை இரண்டடித் துண்டுகளாக வெட்டி, பாதியை மண்ணில் அடித்து, மீதிப் பாதியில் குழாயைச் செருகவேண்டும். மறுமுனை சுவரில் முடுக்கிய ரீப்பர் கட்டைக்குப் போகும். நடுவில் நீளவாக்கில் இன்னொரு ரீப்பர் ஓடி எட்டையும் கட்டிப்போடட்டும். அது இல்லாவிட்டால் முதல் புயலிலேயே எட்டும் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். வெள்ளை பிவிசி குழாய் போடுவோரும் உண்டு. பிவிசி பட்ட இடத்தில் பாலித்தீன் சீக்கிரம் நொறுங்கும், அதனால் குழாய்மேல் நாடா ஒட்டிவிட்டுத்தான் போர்த்த வேண்டும். போர்த்துவதற்கு வெயில் நாள் பாருங்கள். சூட்டில் தாள் இளகி இருக்கும், இழுத்துக் கட்டினால் குளிர்ந்தபின் மத்தளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். தளர்ந்த தாள்தான் காற்றில் படபடத்துக் கிழிகிறது.

இந்த வடிவத்தில் ஒரு குறையும் இருக்கிறது. கச்சிதமான கால்வட்டமாக வளைத்தால், சுவரோடு சேரும் இடத்தில் கூரை மட்டமாகிவிடும். பார்க்க அழகு. மழைத் தண்ணீர் அங்கேதான் குளம் கட்டும், பனியும் அங்கேதான் குவியும், பாலித்தீன் தொப்பை போடும். குழாயின் மேல்முனையைச் சற்று நிமிர்த்திவைத்து, சுவரிலிருந்தே ஒரு சரிவோடு இறங்கவிடுவதே புத்திசாலித்தனம். அழகு கொஞ்சம் குறையும், குறையட்டும். அந்த இணைப்பின் மேல் தார் பூசிய ஒட்டுப்பட்டையை நெடுக ஒட்டிவிட்டால் சுவர் வழியே வழியும் நீரும் உள்ளே வராது.

உச்சியில், சுவருக்குப் பக்கத்தில், ஒரு திறப்புக் கதவு கட்டாயம். சூடான காற்று அங்கேதான் போய் முட்டி நிற்கும். பிப்ரவரி வெயிலில்கூட நாற்று வெந்துவிடும். மெழுகு நிறைத்த உருளையொன்று கடைகளில் விற்கிறது. சூட்டில் மெழுகு விரிந்து கதவைத் தள்ளும், குளிர்ந்தால் மூடிக்கொள்ளும். மின்சாரமே வேண்டாம். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது அது வேலை பார்க்கும்.

சுவருக்குக் கறுப்பு அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. இந்த ஊரில் வெளிச்சத்துக்குத்தான் பஞ்சம், நான் வெள்ளைக்கே வாக்களிப்பேன். வெப்பம் சேமிக்க, சுவரோரம் 200 லிட்டர் தண்ணீர்ப் பீப்பாய் ஒன்று வையுங்கள். அது இரவில் ஐந்து டிகிரி குளிர்ந்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சற்று மேலான வெப்பம் வெளியே வரும்.

இரண்டு எச்சரிக்கை. பாய்லரின் புகைபோக்கி வெளியேறும் சுவரில் இதைக் கட்டவே கூடாது, உயிருக்கு ஆபத்து. செங்கல் சுவரின் அடியில் ஈரம் ஏறாமல் தடுக்கும் படலம் ஒன்று இருக்கும், அதன் உயரத்துக்கு மண்ணைக் குவித்துவிடாதீர்கள். குவித்தால் வரவேற்பறைச் சுவர் ஊறிப்போகும்.

ஐந்தாறு ஆண்டில் பாலித்தீன் மங்கி, மாற்றவேண்டி வரும். இதன் உண்மையான விலை அந்தக் குப்பைதான், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

முருங்கை ஜனவரியில் தழைக்குமா என்று கேட்டால், தழைக்காது. எட்டு மணி நேரப் பகலைப் பத்தாக்க எந்தக் குடிலாலும் முடியாது. கறிவேப்பிலையைச் சுவரோடு ஒட்டிவைத்து, தண்ணீரைக் குறைத்து, உறைபனி இரவில் தொட்டிக்கு ஒரு சாக்கு சுற்றிவிட்டால் வேர் பிழைக்கும். மார்ச்சில் வெந்தயக்கீரை விதைக்கலாம். தக்காளியை நவம்பர்வரை பறிக்கலாம்.